கைமருந்து

எலும்பு வார்டுக்கு ஏறும் படிக்கட்டின் கீழே, உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைத்தான் காலி செய்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். கூரை சரிந்து இறங்கியிருக்கும். உள்ளே வருகிற யாரிடமும் அவள் சொல்லும் முதல் வார்த்தை "தலை, தலை" என்பதுதான். கதவில் எழுதியிருந்தது ஏதோ நீளமான பெயர். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு வழங்கியது 'குறைக்கிற நர்ஸ்'.

அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களில் குடிக்கிறவர்களை அவளிடம் அனுப்புவார்கள். அவர்களை உத்தமர்களாக்குவது அவள் வேலையில்லை. தேதி வருவதற்குள் அளவை இறக்க வேண்டும், அவ்வளவுதான். நிறையக் குடிக்கிறவரை அப்படியே மேசையில் படுக்க வைத்தால் ரத்தம் நிற்காது, புண் ஆறாது. அதைவிட மோசம், வார்டில் சரக்கு கிடைக்காமல் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உடம்பு உதறி, வலிப்பு வந்து, யார் எவர் என்று தெரியாமல் குழாய்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நிற்பார். அதே காரணத்தால் ஒரே நாளில் நிறுத்தவும் சொல்ல முடியாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும்.

இதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். "குடிப்பீங்களா?" என்று கேட்கவே மாட்டாள், கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். எடுத்த எடுப்பில் "எத்தனை ரவுண்டு போகும்?" என்பாள். கூட்டாளியிடம் பேசுகிற மாதிரி பதில் வரும். வந்த பதிலை மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வாள். பல வருஷமாக இந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை.

கண்ணாடிக்காரர் வந்தபோதும் அப்படித்தான் கேட்டாள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். நாளெல்லாம் மேசையோரம் நின்று, கனத்த பலகைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு மூட்டு ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. குனிய முடியாது. மனைவிதான் காலையில் ஷூ மாட்டி விடுகிறார், இரவில் கழற்றுகிறார். மூட்டை மாற்றினால் மறுபடியும் நிற்கலாம், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷத்தில் நாற்காலிதான் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார்.

"மூணு ரவுண்டு சிஸ்டர். நானும் என் மச்சானும். அவன் நாலு போடுவான், ஆனா அவனுக்கு இடுப்பு நல்லா இருக்கு. அநியாயத்தைப் பாருங்க" என்றார்.

நர்ஸ் சிரித்தாள். மூன்றை ஆறாக எழுதிக்கொண்டாள். பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி, மூன்றுதான் என்று தலையாட்டினார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. இருந்தாலும் கணக்கு கணக்குதான்.

அடுத்து, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்று மனைவி அட்டையை எடுத்துக் காட்டினார்.

"அப்புறம் கைமருந்து ஒண்ணு உண்டு."

கஷாயம் மாதிரியா என்று நர்ஸ் கேட்டாள். அந்த மாதிரிதான், கசக்கும், சூடாக உள்ளே இறங்கும் என்றார் மனைவி. ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறார், ஒத்துப்போகிறது. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கஷாயம் இருக்கத்தான் செய்கிறது. கைவசம் இருக்கும் சுக்கையும் மிளகையும் போட்டுக் காய்ச்சும் வீட்டு வைத்தியம் என்று எடுத்துக்கொண்டு நர்ஸ் அதைத் தாண்டிப் போனாள். அடுத்த முறை புட்டியைக் கொண்டு வரச் சொன்னாள். அடுத்த முறை அவர்கள் மறந்தார்கள். அவளும் மறந்தாள்.

குறைக்கிற வேலை நன்றாகவே போனது. மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று, பிறகு சில சாயங்காலங்கள் ஒன்றுமில்லாமல் கழிந்தன. மச்சான் எதிரே உட்கார்ந்து சோடா குடித்துவிட்டு, இப்படி ஒரு கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது என்று புலம்பிவிட்டுப் போவதாக மனைவி போனில் சொன்னார். தூக்கம் வருகிறதா? வருகிறது. வியர்க்கிறதா? இல்லை. கை நடுங்குகிறதா? நடுங்கவே இல்லை, வேலை பார்க்கிறார். நர்ஸுக்கு அது கொஞ்சம் இடித்தது. இவ்வளவு எளிதாக யாரும் இறங்குவதில்லை. ஆனால் எல்லோர் உடம்பும் ஒன்றா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பாதி வழியில் எடுத்த ரத்தப் பரிசோதனைதான் முதல் அடி. ஈரலைக் காட்டும் எண் அசையவே இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அந்தத் தாளோடு அவள் அறைக்கே வந்தார். தலையை இடித்துக்கொண்டு, அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பேசினார். உங்கள் ஆள் டிமிக்கி கொடுக்கிறார், நீங்கள் நம்புகிறீர்கள், அடுத்த பரிசோதனையிலும் இப்படி இருந்தால் நான் மயக்கம் கொடுக்கப் போவதில்லை, தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். இதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நிற்கப்போகிறவர் அவர்தான்.

நர்ஸ் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்டாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒரு தடவை கோடு கிழிச்சா அதே கோட்டு மேல இன்னொரு தடவை கட்டரை ஓட்ட மாட்டேன் சிஸ்டர். ஓட்டினா கண்ணாடி தாறுமாறா உடையும். நான் சொன்ன வார்த்தையும் அப்படித்தான். சாயங்காலம் தொடுறதில்லைன்னா தொடுறதில்லை."

மனைவி கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாள். அடுத்த பரிசோதனையில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டர் அரைமனதோடு கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் நர்ஸ் போன் செய்து, எல்லோருக்கும் சொல்வதையே சொன்னாள். காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது, எதுவும் குடிக்கக் கூடாது. வழக்கமாகப் போடுகிற மருந்தை மட்டும் ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். மிச்ச மருந்தையெல்லாம் கையோடு எடுத்து வந்து வார்டில் ஒப்படைத்துவிட வேண்டும். மனைவி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தபோது நர்ஸ் அப்போதுதான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் ஆள் விஷயம், உடனே வாருங்கள் என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. படிகளில் ஏறும்போது மாரடைப்பிலிருந்து எல்லாவற்றையும் நினைத்துவிட்டாள்.

தியேட்டருக்கு வெளியே திரை போட்டுப் பிரித்த இடத்தில், பச்சை அங்கியோடு கண்ணாடிக்காரர் தள்ளுபடுக்கையில் சாய்ந்திருந்தார். இடது தொடையில் பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். முகம் தெளிவாக இருந்தது. பக்கத்து மேசையில் மாத்திரை அட்டை, அதை ஒட்டி ஒரு பெரிய இருமல் மருந்துப் புட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளர். மனைவி கைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சொன்னபடி ஒப்படைத்தவை. தியேட்டர் நர்ஸ் புட்டியின் மூடியைத் திறந்தவள் திறந்தபடியே நின்றிருந்தாள். கூடம் முழுக்க பிராந்தி வாசனை.

மயக்க டாக்டர் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இதை இன்னைக்குக் காலைல குடிச்சீங்களா?"

"குடிக்கலை டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எதையும் குடிக்கக் கூடாதுன்னுதானே சிஸ்டர் சொன்னாங்க. மருந்து மட்டும்தான் போட்டேன்."

டாக்டர் டம்ளரைக் கையிலெடுத்துப் பார்த்தார். இதில் எவ்வளவு என்று கேட்டார். கழுத்து வரை, என்றார் மனைவி. அதற்கு மேல் ஒரு வாய் தண்ணீர், சிஸ்டர் சொன்ன மாதிரி.

இது என்ன மருந்து, எதற்கு என்று கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். கைக்கு. கை நடுக்கத்துக்கு. கைமருந்து.

அந்த வார்த்தை அப்போதுதான் நர்ஸின் காதில் சரியாக விழுந்தது. இவ்வளவு நாளும் அவர்கள் ஒன்றைச் சொல்ல, அவள் ஒன்றை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் பொய் சொல்லவில்லை. குடி என்பது சாயங்காலம், மச்சானோடு, சிரிப்பும் பேச்சுமாக நடப்பது. மருந்து என்பது காலையில், தனியாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவது. ரவுண்டு எத்தனை என்று கேட்டவளுக்கு அவர் ரவுண்டைத்தான் சொன்னார். அவள் அதைப் பெருக்கிப் பார்த்தாளே தவிர, பக்கத்தில் எட்டிப் பார்க்கவில்லை.

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். இன்றைக்கு இல்லை, அடுத்த ஆளைக் கொண்டு வாருங்கள் என்றார். பிறகு நர்ஸைத் தனியே அழைத்து, தெரியாமல் நான் இவரைத் தூங்க வைத்திருந்தால் நாளைக்கோ மறுநாளோ இவர் வார்டில் என்ன ஆகியிருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சொல்ல வேண்டியதில்லை. அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

அவர் சொன்ன வழி ஒன்றுதான். மருத்துவ வார்டில் மதியத்துக்கு மேல் ஒரு படுக்கை காலியாகும். இன்றே சேர்ந்து, மாத்திரை ஊசியோடு, கண் பார்வையில் இறக்கினால், சரியானதும் இடையில் ஒரு தேதி வாங்கி, தன் கையாலேயே மயக்கம் கொடுப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் போனால், இந்த ஆளுக்கு என் கையால் மயக்கம் இல்லை என்றார். எலும்பு டாக்டரின் பட்டியலோ அடுத்த வருஷம் வரை நிரம்பியிருந்தது.

வராந்தாவில் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அங்கிக்கு மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். ஷூ இரண்டும் பெஞ்சுக்கு அடியில் இருந்தன. நர்ஸ் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் தன் தப்பைச் சொன்னாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்றாள். பிறகு படுக்கையைப் பற்றிச் சொன்னாள்.

அவர் கடைசி வரை கேட்டார். முடிந்ததும் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பல வருஷத்துக்கு முன்பு காலையில் கட்டர் பிடித்தபோது கோடு லேசாக நெளிந்ததாம். தெருமுனை மருந்துக் கடைக்காரர்தான் ஒரு மூடி பிராந்தி போட்டுப் பாருங்கள் என்றாராம். போட்டார். கோடு நேராக வந்தது. அன்றிலிருந்து கை அவர் பேச்சைக் கேட்கிறது.

"எனக்குக் காலைக் குடுக்கிறேன்னு சொல்லிட்டு இப்போ கையைக் கேக்கிறீங்க சிஸ்டர். நிக்கிறதே வெட்டுறதுக்குத்தான். வெட்ட முடியாம நின்னு நான் என்ன பண்றது, போலீஸ் வேலைக்கா போறது?"

அந்த நடுக்கமே முதலில் சாயங்காலக் குடியாலும் இப்போது இந்த மருந்தாலும் வருவது, போதை இறங்கும்போது உடம்பு அடுத்த வேளைக்குக் கேட்கிறது என்று நர்ஸ் விளக்கினாள். விட்டால் பெரும்பாலும் கை அடங்கிவிடும். முழுக்க அடங்குமா என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொல்ல முடியாது என்றாள். முதல் சில நாள் இப்போது இருப்பதைவிட மோசமாக ஆடும் என்றும் சொன்னாள்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். மனைவியிடம் திரும்பாமலேயே சொன்னார்.

"ஷூவை மாட்டி விடு. கிளம்பலாம்."

மனைவி நகரவில்லை.

அவர் இன்னொரு தடவை சொன்னார். வராந்தாவில் ஒரு படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதில் படுத்திருந்தவர், அடுத்த ஆள், இவருடைய தேதியில் உள்ளே போகிறவர், இவர்களைப் பார்த்துக்கொண்டே போனார்.  பிறகு கண்ணாடிக்காரர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தானே காலை ஷூவுக்கு நீட்டினார். கால் எட்டியது. கை எட்டவில்லை. இடுப்பு பாதி வழியில் நிறுத்திவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தார். வலியில் கழுத்து நரம்பு புடைத்தது. நர்ஸ் உதவக் கை நீட்டப் போனாள். மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மாட்ட மாட்டேங்க" என்றார் மனைவி. குரல் தணிந்துதான் இருந்தது. "இத்தனை வருஷமும் ஊத்திக் குடுத்ததும் நான்தான். முதல்ல மூடியில ஊத்தினேன். அப்புறம் டம்ளர்ல கால்வாசி. அப்புறம் மருந்துன்னா மூணு வேளைதானேன்னு கடைக்கும் குடுத்து விட்டேன். இப்போ சாயங்காலம் நிறுத்தினதுல இருந்து காலைல கை இன்னும் அதிகமாக் கேக்குதுன்னீங்க, கழுத்து வரைக்கும் ஊத்தினேன். ஒரு நாளாவது ஏன் இவ்வளவுன்னு நீங்க கேட்டீங்களா? நானும் கேக்கலை. நீங்க போறதுன்னா வெறுங்காலோட போங்க."

அவர் மனைவியை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.  வராந்தா முனையில் லிஃப்ட் திறந்து மூடியது, மறுபடி திறந்தது. எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் நர்ஸ் நினைத்தாள். வெறுங்காலோடும் நடக்கக்கூடியவர்தான், கைத்தடி பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. அதில் கையை வைத்தார். வைத்த கை ஆட ஆரம்பித்திருந்தது. காலை மருந்து இறங்கத் தொடங்கிவிட்டது. தடியின் ரப்பர் முனை தரையில் மெதுவாகத் தட்டுகிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. அவர் தடியை விட்டுவிட்டார். சத்தம் நின்றது.

"எழுதிக்குங்க சிஸ்டர்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். காலையில் எழுந்ததும் கழுத்து வரை ஒரு டம்ளர். கடையில் வெயில் ஏறும்போது அரை டம்ளர். சாப்பாட்டுக்குப் பிறகு அரை, சில நாள் முக்கால். அவர் நிறுத்தினால் மனைவி விட்டதைச் சேர்த்தார். கணவன் மனைவிக்குள் ஒரு இடத்தில் அரையா முக்காலா என்று சண்டை வந்தது. முக்கால் என்று முடிவாயிற்று. இந்தத் தடவை அவள் எதையும் பெருக்கவில்லை.

"இவ்வளவும் குடிக்கிறேன்" என்றார் அவர். "டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

வாய் வந்துதான் ஆக வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். படுக்கை காலியாக மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிரே சுவரில் மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையின் கண்ணாடியைப் பார்த்து, யாரோ அரைகுறை ஆள் வெட்டியது, மூலை சரியில்லை என்று முணுமுணுத்தார். நர்ஸ் அவரை விட்டு நகரவில்லை. அவள் அறைக்கு வெளியே காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். மாத்திரையும் ஊசியும் ஆரம்பமான பிறகுதான் கீழே இறங்கினாள்.

மூன்றாம் நாள் காலை மயக்க டாக்டர் வார்டுக்கு வந்தார். நர்ஸும் கூட வந்தாள். கண்ணாடிக்காரர் தூங்காத கண்களோடு தலையணையில் சாய்ந்திருந்தார். இரவு முழுக்க சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததாக மனைவி சொன்னார். இப்போது ஊரவில்லை, தனக்கு முழு நினைவு இருக்கிறது என்று அவரே திருத்தினார். டாக்டர் நாடியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"கையை நீட்டுங்க. ரெண்டையும்."

போர்வைக்குள் இருந்த கைகள் உடனே வெளியே வரவில்லை. இந்தக் கைகள் ஆடுவதை மச்சான்கூடப் பார்த்ததில்லை என்று மனைவி பிறகு நர்ஸிடம் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், அவரைப் பார்க்க வந்தவர்கள், டாக்டருக்குப் பின்னால் நின்ற மாணவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் கைகளை வெளியே எடுத்து முன்னால் நீட்டினார். விரல்கள் விரிந்து, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடின. டாக்டர் அவசரப்படாமல் பார்த்தார். நேற்றைக்கு இது தோள் வரைக்கும் இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். டாக்டர் தலையசைத்தார்.

இன்னும் சில நாள் போகட்டும், அப்புறம் தேதி பார்க்கலாம் என்றார். பிறகு, அவர் இயல்புக்கு மாறாக, கட்டில் கம்பியில் கையூன்றி நின்று கேட்டார்.

"அதுக்குள்ள ஓடிப்போயிட மாட்டீங்களே?"

"ஓடுற மாதிரி கால் இருந்தா உங்ககிட்ட எதுக்கு டாக்டர் வர்றேன்?" என்றார் கண்ணாடிக்காரர். கைகளை இன்னும் மடக்கவில்லை.